மேசை ஏன் பெண்பால்? பிரெஞ்சும் ஸ்பானிஷும் தொடங்கும் பிள்ளைகளுக்கு

என் பேத்தி படிவம் ஒன்றில் சேர்ந்த இரண்டாவது வாரம், பள்ளிப் பையைக் கழற்றும் முன்பே கேட்டாள்: "பாட்டி, பிரெஞ்சுல மேசை பொம்பளையாம், புத்தகம் ஆம்பளையாம். யார் இதை முடிவு பண்ணினது?" தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஏற்கனவே தலையில் இருக்க, நான்காவதாக ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. அவள் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கி, இரவுச் சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். இடைநிலைப்பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் கற்பித்து ஓய்வு பெற்றேன். பிரெஞ்சை வேலையில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். வாரம் இரண்டு மாலை, கோலாலம்பூருக்குப் பேருந்து பிடித்துப் போய்ப் படித்தது. ஸ்பானிஷ் அதற்கும் பத்தாண்டு பிந்தி வந்தது. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்காதீர்கள்.

நம் நாட்டு உறைவிடப் பள்ளிகளிலும் சில தேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், அரபு ஆகியவற்றில் ஒன்றை எடுக்க வாய்ப்பு உண்டு. ஸ்பானிஷ் பெரும்பாலும் பன்னாட்டுப் பள்ளிகளிலும் தனி வகுப்புகளிலும் கிடைக்கும். எது உசத்தி என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. பிரெஞ்சோ நம் இனத்தோடு வாழ்ந்த மொழி. புதுச்சேரியில், ரீயூனியன் தீவில், பாரிஸ் நகரத்து லா ஷப்பேல் பகுதியில் தமிழர் அதைப் பேசுகிறார்கள். என் பதில் வேறு: நல்ல ஆசிரியர் எந்த மொழிக்குக் கிடைக்கிறாரோ அந்த மொழியை எடுங்கள். இரண்டும் லத்தீன் வயிற்றில் பிறந்த அக்கா தங்கை. ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு மற்றது பாதி விலைக்கு வரும். ஊன்றுமுன் இரண்டையும் நட்டால் ஒன்றின் சொல் மற்றதன் வாயில் வந்து விழும். படிவம் மூன்று வரைக்கும் ஒன்று போதும்.

2. முதல் மாதம் காதுக்குக் கொடுங்கள்.

எழுத்தைப் பார்த்து வாசிக்க அவசரப்படாதீர்கள். தமிழில் எழுதியதை அப்படியே வாசித்துப் பழகிய நமக்குப் பிரெஞ்சு எழுத்து பெரிய ஏமாற்றம் தரும். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றுக்கும் வினைச்சொல்லின் எழுத்து வேறு வேறு. காதுக்கு மூன்றும் 'பார்ல்' ஒன்றுதான். ஸ்பானிஷ் இந்த வகையில் நேர்மையான மொழி. எழுதியபடி வாசிக்கலாம், 'எச்' என்ற எழுத்தை ஊமையாக விட்டுவிட வேண்டும்.

ஒலி விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் வரம் என்னவென்று அந்தப் பிள்ளைக்கே தெரிவதில்லை. ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பல்', 'தலை', 'கல்' என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் ஆடாது. ஆங்கிலத்தில் 'பென்' என்று சொல்லுங்கள், ஆடும். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் ஆடக் கூடாது. நம் ப, த, க அப்படியே அந்த மொழிகளின் ஒலி. அதிலும் அவர்களுடைய 'த்' நாக்கு நுனி பல்லைத் தொடும் நம் 'தலை'யின் த. ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போட்டுப் பேசும் பிள்ளைகளை நான் உடனே நிறுத்துவேன். பிரெஞ்சில் 'நீ' என்பதற்குரிய சொல் 'த்யூ', 'ட்யூ' என்று சொல்லாதீர்கள். அதில் வரும் உயிரொலிக்கு ஒரு வழி: 'இ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவியுங்கள்.

பிரெஞ்சு மூக்கொலிதான் கடினம் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். 'மரம்' என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? கடைசி ம் உதட்டை மூடாமல் மூக்கோடு கரைந்துபோகிறது. 'வந்தான்' என்பதன் முடிவும் அப்படித்தான். பிரெஞ்சில் 'நல்ல' என்ற பொருளுள்ள 'போ(ன்)' அந்த 'மர(ம்)' முடியும் இடத்துக்குப் பக்கத்து வீடு. அம்மா பேச்சிலேயே இருக்கும் ஒலியை வகுப்பில் புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஸ்பானிஷுக்கு வந்தால் இன்னும் லாபம். 'அது' என்று சொல்லும்போது த மென்மையாகிவிடுகிறது, 'தலை'யில் இருக்கும் அழுத்தம் அங்கே இல்லை. ஸ்பானிஷிலும் இரண்டு உயிரொலிக்கு நடுவே வரும் தகரம் இப்படித்தான் இளகும். 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நாத' என்பார்கள். 'அது'வில் வரும் அதே ஒலி. 'நாளை' என்பதற்கு 'மஞான' என்பார்கள்; ஞ நம்மிடம் உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்று நாக்கை உருட்டிச் சொன்னால் 'நாய்'. ர, ற வேற்றுமையைத் தமிழ் வகுப்பில் ஒழுங்காகச் சொல்லிப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறாது.

காதுக்குத் தீனி வேண்டுமானால், பிரெஞ்சு வானொலி ஆர்.எஃப்.ஐ. கற்பவர்களுக்கென்றே எளிய பிரெஞ்சில் ஒரு செய்தியறிக்கை தருகிறது. பத்து நிமிடம். முதல் மாதம் ஒன்றும் புரியாது. புரியாவிட்டாலும் தினமும் கேளுங்கள். மொழியின் நடை காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

3. ஒரு 555 புத்தகம் வாங்குங்கள்.

மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகம்தான். என்னுடையது இன்னும் இருக்கிறது. அட்டை கிழிந்து, மூலை மடங்கி, மஞ்சளாகிவிட்டது. ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொல். பெண்பால் சொல் சிவப்பு மையில், ஆண்பால் சொல் நீல மையில். எந்தச் சொல்லையும் தனியாக எழுதக் கூடாது. பிரெஞ்சில் 'லெ' அல்லது 'லா', ஸ்பானிஷில் 'எல்' அல்லது 'லா', முன்னால் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். 'தாப்ல்' என்று எழுதினால் அரைச் சொல், 'லா தாப்ல்' என்பதுதான் முழுச் சொல்.

இனி என் பேத்தியின் கேள்வி. தமிழ் உலகத்தை முதலில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்துவிட்டு, பிறகுதான் ஆண், பெண் பார்க்கிறது. மேசை அஃறிணை, அதற்கு ஆண் பெண் பேச்சே இல்லை. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அஃறிணை என்ற பெட்டி கிடையாது. இரண்டே பெட்டி. எல்லாப் பெயர்ச்சொல்லும் ஏதாவது ஒன்றில் போய் விழுந்தாக வேண்டும். பால் என்பது அங்கே பொருளைப் பற்றிய செய்தி ஆகாது, சொல்லைப் பற்றியது. வாசலில் நிற்கும் அதே காரைப் பிரெஞ்சில் 'லா வுவாத்யூர்' என்று பெண்பாலில் சொல்வார்கள், ஸ்பெயினில் 'எல் கோச்சே' என்று ஆண்பாலில் சொல்வார்கள். கார் மாறவில்லை, சொல்தான் மாறியது. இதைக் கேட்டதும் பேத்தி முகம் தெளிந்தது.

சில குறிப்பு உண்டு. பிரெஞ்சில் 'ஸியோ(ன்)' என்றும் ஸ்பானிஷில் 'ஸியோன்' என்றும் முடிபவை ஏறக்குறைய எல்லாம் பெண்பால். ஸ்பானிஷில் 'ஓ' முடிந்தால் ஆண், 'ஆ' முடிந்தால் பெண் என்று புத்தகம் சொல்லும். ஆனால் கை 'லா மானோ', நாள் 'எல் தீயா', வரைபடம் 'எல் மாப்பா', சிக்கல் 'எல் ப்ரொப்லேமா'. விதிவிலக்குகள் தினமும் வாயில் புழங்கும் சொற்களாகவே இருக்கின்றன. அதனால்தான் விதியை நம்பாதீர்கள், புத்தகத்தை நம்புங்கள் என்கிறேன்.

4. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பிரெஞ்சு வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். பாடநூலும் அப்படி இருக்கிறது, ஆசிரியரும் அப்படிச் சொல்லித் தருகிறார். ஆனால் தமிழ் வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்து சலித்துக்கொண்ட இலக்கணம் நேராக அங்கே கொண்டுபோய் விடும் பல இடங்கள் இருக்கின்றன.

வினைமுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேசுகிறேன்' என்றால் போதும், 'நான்' வேண்டியதில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஸ்பானிஷிலும் 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லா' பேசுகிறான் அல்லது பேசுகிறாள். எழுவாயைச் சொல்லாமல் விடுவதுதான் இயல்பு. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'யோ', 'யோ' என்று 'நான்' போட்டுக்கொண்டே இருப்பார். மலாயில் வினைக்கு ஆளைக் காட்டும் விகுதி இல்லை என்பதால் அதுவும் இங்கே கைகொடுக்காது.

'எனக்கு மாம்பழம் பிடிக்கும்.' இதில் 'நான்' எங்கே? இல்லை. நான்காம் வேற்றுமை 'எனக்கு' நிற்கிறது, பிடிப்பது மாம்பழத்தின் வேலை. ஸ்பானிஷில் 'மெ குஸ்தா எல் மாங்கோ'. 'மெ' என்றால் எனக்கு. 'மெ துவேலெ லா கபேஸா', எனக்குத் தலை வலிக்கிறது. இதை ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் புரியவைக்க ஆசிரியர்கள் வாரக்கணக்கில் பாடுபடுவார்கள். கிள்ளான் பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும், அதைத் தமிழில் சொல்ல ஆள் இருந்தால்.

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினை: 'ஸேர்', 'எஸ்தார்'. எது எங்கே வரும் என்று குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. நான் ஒரு கைவிளக்கு தருகிறேன். 'நான் மாணவி', 'அவர் மருத்துவர்' என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்லி முடிக்கும் இடத்தில் ஸேர். 'கிள்ளானில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறது' என்று இருத்தல் தலைகாட்டும் இடத்தில் எஸ்தார். எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். 'உயரமாக இருக்கிறான்' என்று நாம் சொல்வதற்கு அவர்கள் ஸேர் போடுவார்கள். ஆனாலும் பத்தில் ஏழெட்டு இடத்தை இந்த விளக்கு காட்டிவிடும்.

பிரெஞ்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம் புணர்ச்சி. 'லெ' என்பதோடு நண்பன் என்ற 'அமி' சேர்ந்தால் 'லமி'. முன்சொல்லின் உயிர் ஓடிப்போகிறது. பந்து + ஆட்டம் பந்தாட்டம் ஆகும்போது உகரம் எங்கே போனதோ அங்கேதான் இதுவும் போனது. 'அவனிடம் இருக்கிறது' என்பது 'இல் ஆ'. அதைக் கேள்வியாகத் திருப்பினால் 'ஆ', 'இல்' என்று இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும். நடுவே ஒரு தகரத்தைச் செருகி 'ஆதில்' என்பார்கள். மணி + அடித்தது, நடுவே ய் வந்து மணியடித்தது. பூ + அழகு, நடுவே வ் வந்து பூவழகு. உடம்படுமெய்! நாம் ய், வ் போட்ட இடத்தில் அவர்கள் த் போட்டார்கள். மாலை வகுப்பில் இதைப் பிரெஞ்சு ஆசிரியை பலகையில் எழுதியபோது, நான் பின்வரிசையில் உட்கார்ந்து நன்னூலை நினைத்துக்கொண்டேன். அன்று பேருந்தில் வீடு திரும்பும்வரை வேறு நினைப்பே இல்லை.

தமிழ் உதவாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நமக்குப் பசிக்கும். அவர்களோ பசியை 'வைத்திருப்பார்கள்', வயதையும் வைத்திருப்பார்கள். நமக்கு வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் வரும், அவர்களுக்குச் சொல்லின் முன்னால் தனியாக நிற்கும். நாங்கள், நாம் என்ற அழகான வேற்றுமை இரண்டு மொழியிலும் கிடையாது.

5. நீயும் நீங்களும் உங்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

பிரெஞ்சில் நண்பனுக்கு 'த்யூ', ஆசிரியருக்கு 'வூ'. 'வூ' பலருக்கும் வரும், மரியாதைக்குரிய ஒருவருக்கும் வரும், நம் 'நீங்கள்' போலவே. ஸ்பானிஷில் 'தூ', 'உஸ்தேத்'. பெரியவரிடம் நீ என்று பேசினால் நம் வீட்டில் முதுகில் விழும். அந்தக் கூச்சத்தை அப்படியே அங்கேயும் கொண்டுபோங்கள்.

6. எண்களை வாகன எண் பலகையில் படியுங்கள்.

பிரெஞ்சில் 70 என்றால் அறுபது-பத்து. 80 என்றால் நான்கு-இருபது. 90 நான்கு-இருபது-பத்து. பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் யோசித்துப் பார்த்தால் சிரிக்க மாட்டோம். நாமும் ஒன்பது பத்தைச் சொல்ல நூறைத் துணைக்கு அழைக்கிறவர்கள். பயிற்சிக்கு ஜாலான் துன் சம்பந்தன் சாலையை விட நல்ல இடம் இல்லை. மாலை நெரிசலில் வாகனம் நகராது. முன்னால் நிற்கும் காரின் எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லுங்கள். 7492 என்றால் 'சுவாஸாந்த் கத்தோர்ஸ், காத்ர் வே(ன்) தூஸ்'. கே.எல். சென்ட்ரல் போய்ச் சேரும் முன் முப்பது எண் முடிந்துவிடும்.

7. அந்த மொழியை உங்கள் ஊரிலேயே தேடுங்கள்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். 130 ஆண்டு இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்கள் மலாய் மொழியில் இன்றும் புழங்குகின்றன. போர்த்துக்கீசியமும் ஸ்பானிஷும் மிக நெருங்கிய உறவு என்பதால், மலாய் அறிந்த பிள்ளை ஸ்பானிஷ் சொற்களை ஏற்கனவே பாதி அறிந்த பிள்ளை. 'மேஜா'வுக்கு 'மேஸா', 'செக்கோலா'வுக்கு 'எஸ்குவேலா', 'பெண்டேரா'வுக்கு 'பாந்தேரா', 'கெமேஜா'வுக்கு 'காமிஸா', 'கெஜு'வுக்கு 'கேஸோ', 'துவாலா'வுக்கு 'தோவாயா', ஞாயிறைக் குறிக்கும் 'மிங்கு'வுக்கு 'தோமிங்கோ'. நம் தமிழிலும் மேசை, சாவி, அலமாரி, பாதிரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. சாவி போர்த்துக்கீசியத்தில் 'ஷாவே', ஸ்பானிஷில் 'யாவே'. பிரெஞ்சில் பிரம்புக்கு 'ரோத்தே(ன்)' என்று பெயர். நம் பள்ளிகளில் எல்லாரும் அறிந்த ரோத்தான்தான், மலாயிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. மலாயில் 'பாஜு மேரா' என்று நிறத்தைப் பின்னால் வைக்கிறோமே, பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் நிறம் பின்னால்தான் வரும். இந்த ஓர் இடத்தில் மலாய் தமிழை விட நல்ல வழிகாட்டி.

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் லா சால் பள்ளி இருக்கிறது. அந்தப் பெயர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவருடையது. ஜான் பாப்தீஸ்த் தெ லா சால் 1680இல் ராம்ஸ் நகரில் தொடங்கிய சபையின் சகோதரர்கள் 1852இல் மலாயாவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு பினாங்கில் வந்திறங்கிய பிரெஞ்சுக் கன்னியர் சபையினர் தொடங்கியவைதாம் நம் அக்காமார் படித்த கான்வென்ட்கள். கோலாலம்பூரில் அவர்களுடைய பள்ளி நிற்கும் புக்கிட் நானாஸ் என்பது அன்னாசிக் குன்று. பிரெஞ்சிலும் அன்னாசிக்கு 'அனனா' என்றுதான் பெயர்.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் கோல சிலாங்கூர்ப் பக்கம் அவர் தொடங்கியதுதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். அதன் பெயர் தென்னமரம். ஆம், தமிழ்ப் பெயர்தான், வரைபடத்தில் இன்றும் இருக்கிறது. அந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து, நம் தமிழ்த் தொழிலாளர்களையும் உள்ளே வைத்து அவர் எழுதிய 'மலேஸீ' நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. கோலாலம்பூரில் உள்ள பிரெஞ்சுப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பால் மரம் சீவிய நம் பாட்டன்களைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதியதை, அவர்கள் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சிலேயே படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

8. தப்பாகப் பேசுங்கள்.

மாலை வகுப்பில் இரண்டாண்டு படித்தும் வாய் திறக்காதவளாக இருந்தேன். ஒருநாள் ரயில் நிலையத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி பத்துமலை வண்டி எங்கே என்று தன் மகளிடம் கேட்டுக்கொண்டு நின்றார். நெஞ்சு படபடக்க, 'லா த்ரே(ன்) பூர் பத்து கேவ்ஸ், ஸெ லா பா' என்றேன். அவர் முகம் மலர்ந்து, 'லெ த்ரே(ன்), மெர்ஸி மதாம்' என்றார். ரயில் ஆண்பால். அவர் திருத்தியது கூடத் தெரியாதபடி திருத்தினார். அந்த ஒரு சொல்லை இந்த வயதிலும் நான் மறக்கவில்லை. புத்தகத்தில் சிவப்பு மையில் தவறாக எழுதியிருந்ததை அன்றிரவு அடித்து நீலத்தில் எழுதினேன். தப்பு வெளியே வந்தால்தான் யாராவது திருத்த முடியும்.

9. கைப்பேசியை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

வீட்டுப்பாடம் முடிந்துவிடும், மொழி வராது. கைப்பேசியை ஒலி கேட்க வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பு வேண்டுமானால் மனிதர் செய்ததைப் படியுங்கள். 'குட்டி இளவரசன்' நாவலை ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கினார்கள், க்ரியா வெளியிட்டது. படிவம் மூன்று வந்ததும் மூல நூலை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்து, நாளைக்கு ஒரு பக்கம். நல்ல தமிழும் நல்ல பிரெஞ்சும் அருகருகே நடப்பதை அங்கே பார்க்கலாம்.

10. தேர்வு உண்டு, அதற்காக மட்டும் படிக்க வேண்டாம்.

பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஸ்பானிஷுக்கு டேலே என்ற சான்றிதழ்கள் உலகெங்கும் செல்லும். இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான வடிவம் உண்டு. டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. எழுத்தில் மட்டும் புலியாக இருந்து பேச்சில் வாயடைத்துப்போகும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது.

11. பிரெஞ்சுக்காகத் தமிழை விடாதீர்கள்.

என்னிடம் சனிக்கிழமை வரும் ஒரு பிள்ளை, படிவம் நான்குக்குப் போகும்போது அழுதுகொண்டு வந்தாள். பள்ளியில் நேர அட்டவணை இடிக்கிறது, தமிழோ பிரெஞ்சோ ஒன்றை விடு என்றார்களாம். பெற்றோரும் தமிழை விடு, அது வீட்டில் பேசுவதுதானே என்றார்களாம். வீட்டில் பேசுவது வேறு, எஸ்.பி.எம். தமிழில் இலக்கணமும் இலக்கியமும் படிப்பது வேறு. மேலே நான்காவதாக எழுதியதை இன்னொரு முறை பாருங்கள். வேற்றுமையும் புணர்ச்சியும் தெரியாத பிள்ளைக்கு அந்த ஏணியில் ஒரு படி கூட இருக்காது.

தனிநாயகம் அடிகளை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை. யாழ்ப்பாணத்தவர், கத்தோலிக்கக் குரு. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தப் பல்கலைக்கழகம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரம். ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, இத்தாலியம் எல்லாம் அறிந்தவர். அந்த மொழிகள் தெரிந்ததால்தான், 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூலைப் பற்றியும், 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியைப் பற்றியும் தமிழர்களுக்குச் சொல்ல அவரால் முடிந்தது. அந்த அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் மறுபதிப்பாக வெளியிட்டது. அதே ஆண்டு முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் இங்கே நடத்தினார். மூன்றாவது மாநாடு 1970இல் பாரிஸில் நடந்தது. ஐரோப்பிய மொழிகளைக் கற்று அவர் தமிழுக்குத்தான் வழி திறந்தார்.

அழுதுகொண்டு வந்த பிள்ளை இப்போது இரண்டையும் படிக்கிறாள். தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு, வாரம் இரண்டு நாள். அப்பா வேலை முடிந்து வந்து காத்திருந்து அழைத்துப் போகிறார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் பிரெஞ்சு முதலிய அயல்மொழிகளை, வசதி இருந்தால் கற்பிக்கலாம். தமிழை, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் கற்பித்தே ஆக வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொண்டு 15 கையெழுத்தோடு போய்க் கேளுங்கள்.